சாம்பலில் விழுந்த கிண்ணம்

மணி வார்க்கிறவன் பொய் சொல்லாமல் ஊர் ஊராகப் பிழைக்க முடியாது. தீதியேயும் சொல்லியிருக்கிறான், கூசாமல் சொல்லியிருக்கிறான். 'இந்த மாதிரி களிமண் வேறு எங்கேயும் கிடைக்காது' என்று போகிற ஊரிலெல்லாம் சொல்வான். 'உங்கள் மணி பக்கத்து ஊருக்குக் கேட்கும், அவர்கள் மணி உங்களுக்குக் கேட்காது' என்று இரண்டு ஊர்க்காரர்களிடமும் சொல்வான். அதற்கெல்லாம் அவன் தூக்கம் கெட்டதில்லை. மொந்தரோல் கிராமத்துக் கோயில் வாசலில் அவன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைதான் அவனைக் கெடுத்தது. பொய் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. பொய்யாக இருந்திருந்தால் எப்படியாவது ஜீரணித்திருப்பான்.

தீதியே லொரேன் பக்கத்துக்காரன். அவன் ஊரில் நாற்பது வீடு. நாற்பதும் மணி வார்க்கிற வீடு. பனி உருகியதும் ஆண்கள் கழுதை மேல் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள், அடுத்த பனிக்குத்தான் வீடு திரும்புவார்கள். அந்தக் காலத்து ரோட்டில் ஆயிரம் ராத்தல் மணியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. அதனால் எந்தக் கோயிலுக்கு மணி வேண்டுமோ அந்தக் கோயில் வாசலிலேயே குழி தோண்டி, அச்சு செய்து, உலை கட்டி, அங்கேயே வார்ப்பார்கள். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறுகளில் ஒரு வசந்த காலத்தில் தீதியேயும், அவன் மனைவியின் தம்பி மாஞ்சனும் பர்கண்டியிலிருக்கும் மொந்தரோலுக்கு வந்தது அப்படித்தான். அங்கே பழைய மணி மூன்று வருஷமாக விரிசல் விட்டுக் கிடந்தது.

தங்குவதற்கு ஒதீல் வீட்டில் இடம் கொடுத்தார்கள். நாற்பது வயது விதவை, வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட தாராளம். தினமும் பன்றிக்கொழுப்பு போட்டு முட்டைக்கோஸ் சூப் வைப்பாள். அடுப்புக்கு மேலே சங்கிலியில் தொங்கும் செம்பு அண்டாவைப் பார்த்ததும் தீதியேவுக்குக் கை சும்மா இருக்காது. கரண்டியால் ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பான்.

"ஏன் மேஸ்திரி, வந்த நாள்லேர்ந்து என் அண்டாவையே தட்டிக்கிட்டு இருக்கீங்க? அது மணியில்ல, சூப்பு வெக்கிற பாத்திரம்."

"நல்ல செம்பும்மா. இந்த மாதிரி செம்பு இப்ப வர்றதில்ல."

"என் கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்தது. கண்ணு வெக்காம சாப்பிடுங்க."

மாஞ்சன் சிரித்துவிட்டு, "எங்க மச்சானுக்குப் பொம்பளைங்க மேல கண்ணு போகாதும்மா, பாத்திரத்து மேலதான் போகும்" என்றான். அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு நாள் ரொட்டியை வெட்டிக்கொண்டே அவள் சொன்னாள்.

"என் பொண்ணு பெரின் செத்தப்பதான் மணி விரிஞ்சு போச்சு. ஏழு வயசு. சாவு மணி அடிச்சா ஒடஞ்ச சட்டியத் தட்டுற மாதிரி டக்கு டக்குன்னு கேக்குது. ரெண்டு பயலுங்க சிரிச்சுட்டானுங்க. பங்குச்சாமியே நிறுத்தச் சொல்லிட்டாரு. அவளுக்குத் தொண்டை எப்பவும் கரகரன்னு இருக்கும், கோயில்ல பாடினா முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பாக்கும். அவ்ளோ சத்தமா இருந்தவ, சத்தமே இல்லாமப் போயிட்டா."

சொல்லிவிட்டு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து வந்து காட்டினாள். பெரினின் ஞானஸ்நானத்துக்காகச் சந்தையில் ஒரு தலைச்சுமை வியாபாரியிடம் வாங்கியது. விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். பல் முளைக்கிற வயதில் குழந்தை கடித்தது.

"இத மணியில போடப் போறேன்" என்றாள். "வெள்ளி போட்டா மணியோட கொரல் இனிப்பா வரும்னு சொல்றாங்களே, நெசந்தானே மேஸ்திரி?"

"நெசந்தாம்மா" என்றான் தீதியே.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளி போட்டால் மணி இனிக்கும் என்பது சுத்தப் புளுகு. செம்பும் வெள்ளீயமும் சரியான கணக்கில் சேர்ந்தால் போதும், மணிக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆனால் வார்ப்பு நாளில் ஊர் ஜனம் திரண்டு வந்து, ஒருத்தர் மோதிரம், ஒருத்தர் கரண்டி என்று உலையில் போடுவது எல்லா ஊரிலும் வழக்கம். மணி வார்க்கிறவர்கள் இதைத் தடுக்கவில்லை. அதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். உலையின் உச்சியில் இரண்டு வாய் இருக்கும். ஒன்று வெண்கலம் உருகும் பக்கம். அதை வார்க்கிறவர்கள் மட்டும் திறப்பார்கள். இன்னொன்று விறகு போடும் வாய். ஜனங்கள் வெள்ளி போடுவதற்குத் திறந்து காட்டுவது அதைத்தான். போட்ட வெள்ளி நெருப்பைத் தாண்டி, கம்பித் தட்டின் இடுக்கு வழியாகக் கீழே சாம்பல் குழியில் விழும். கூட்டம் கலைந்த பிறகு சாம்பலைக் கிளறி எடுத்துக்கொள்வார்கள். தீதியேவின் அப்பாவும் தாத்தாவும் எடுத்தார்கள். 'சாம்பல் பங்கு' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். பெயர் வைத்துவிட்டால் திருட்டு திருட்டாகத் தெரியாது அல்லவா? தீதியேவுக்கும் அதுவரை தெரியவில்லை.

அந்த வருஷம் மழை விடவில்லை. களிமண், குதிரைச் சாணம், ஆட்டு மயிர் எல்லாம் குழைத்து அப்பிய அச்சு, உள்ளே கரி நெருப்புப் போட்டு மூன்று வாரமாக உலர்த்தியும் சரியாக உலரவில்லை. குழியின் அடியில் நீர் கசிந்தது. கோயில் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த எலுவா என்கிற மாவு ஆலைக்காரர் தினமும் வந்து குழியை எட்டிப் பார்த்துக் கேட்பார்.

"என்ன மேஸ்திரி, ஸ்நாபக அருளப்பர் திருநாளுக்கு மணி மேல ஏறிடுமா, இல்ல நான் கோபுரத்துல ஏறி நின்னு கத்தணுமா?"

"ஏறிடும். தீதியே சொன்னா சொன்னதுதான்."

வீம்புக்குச் சொன்னதுதான். வார்ப்புக்கு முதல் நாள் அவன் அச்சின் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தான். அடிப்பக்கம் உள்ளங்கையில் சில்லென்று ஒட்டியது. ஈரம்.

"மச்சான், இன்னும் நாலு நாள் நெருப்புப் போடணும்" என்றான் மாஞ்சன். "ஈர அச்சுல ஊத்தினா ஆவி கெளம்பி மணி முழுக்க ஓட்டை விழுந்துடும். உனக்குத் தெரியாததா?"

"நாளைக்குன்னு ஊருக்கே சொல்லியாச்சு. ராத்திரி பூரா கரி போடு, போதும்."

போதவில்லை. அது அவனுக்கே தெரியும்.

மறுநாள் விடியலில் வார்ப்பு. ஊரே வாசலில் நின்றது. எலுவா முதலில் ஏணியில் ஏறி, எல்லாரும் பார்க்கும்படி மோதிரத்தைத் தூக்கிக் காட்டி, "எங்க தாத்தா காலத்து வெள்ளி!" என்று சொல்லிவிட்டுப் போட்டார். பத்திர எழுத்தர் மனைவி வெள்ளிச் செருப்புக் கொக்கி இரண்டைப் போட்டாள். இன்னும் நாலைந்து பேர் சின்னச் சின்ன சாமான் போட்டார்கள். கடைசியாக ஒதீல் ஏறினாள். தீதியே இடுக்கியால் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் கிண்ணத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே விட்டாள். சட்டைக் கை கருகியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"விழுந்துச்சா? வெண்கலத்துலதான் விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா. எறங்குங்க, சூடு அடிக்குது."

உருகின வெண்கலத்தை அச்சில் ஊற்றி முடித்து, மதியத்துக்கு மேல் கூட்டம் போன பிறகு மாஞ்சன் சாம்பலைக் கிளறினான். கிண்ணம் நெருப்பில் தங்காமல் ஓரமாக விழுந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் உருகித் தொங்கியது. மறுபக்கம் அந்தப் பல் தடம் அப்படியே இருந்தது. மோதிரத்தைத் தேய்த்துப் பார்த்த மாஞ்சன் விழுந்து விழுந்து சிரித்தான். பூச்சுப் போய் உள்ளே பித்தளை மஞ்சளாகப் பல்லைக் காட்டியது. "தாத்தா காலத்து வெள்ளியாம்!" தீதியே சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு துணிப் பையில் கட்டிச் சாமான் பெட்டிக்கு அடியில் போட்டான். கிண்ணத்தை மட்டும் தனியாக ஒரு துணியில் சுற்றி வைத்தான். ஏன் தனியாக என்று மாஞ்சனும் கேட்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் மணியைத் தோண்டி எடுத்தார்கள். மண்ணைச் சுரண்டும்போதே விளிம்பு முழுக்க ஊசி குத்தினது மாதிரி ஓட்டைகள் தெரிந்தன. மரக்கட்டைகள் மேல் மணியைத் தொங்கவிட்டு, பங்குச்சாமி சிலுவை போட்டு, எலுவா மரச் சுத்தியால் ஒரு அடி அடித்தார்.

டக்.

பழைய மணியின் அதே சத்தம். இன்னொரு தடவை அடித்தார். டக். அந்த நிமிஷத்தில் தீதியே வாயைத் திறந்து, 'அச்சு ஈரம், தப்பு என்னுடையது' என்று சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருஷமாக மணி வார்த்தவன், ஊருக்கு நடுவில் நின்றுகொண்டு, சின்னப் பையன் செய்கிற தப்பைச் செய்தேன் என்று எப்படிச் சொல்வான்? அவன் முகம் போன போக்கைப் பார்த்து மாஞ்சன்தான் முந்திக்கொண்டான்.

"வார்ப்புல குத்தமில்ல. போட்ட வெள்ளியிலதான் ஏதோ கலப்படம். கள்ள வெள்ளி ஒரு துண்டு விழுந்தாப் போதும், மணி செத்துடும்."

மச்சானைக் காப்பாற்றச் சொன்ன பொய். யார் தலையில் போய் விழும் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு நினைத்துப் பார்க்க நேரமே தேவைப்படவில்லை. பத்திர எழுத்தர் மனைவியின் கொக்கி நகரத்து நகைக்கடையில் வாங்கியது. எலுவா வீட்டுச் சொத்து தலைமுறைச் சொத்து. தலைச்சுமைக்காரனிடம் வாங்கின வெள்ளி யாருடையது? எல்லாக் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது.

"யாரையும் சொல்லணும்னு சொல்லல" என்றார் எலுவா, சொல்லியே தீருவது என்ற குரலில். "ஆனா சந்தையில வாங்குனத கடவுளுக்குப் போடறதுக்கு முன்னாடி உரசிப் பாத்திருக்கலாம். என்ன மேஸ்திரி, அந்தக் கிண்ணத்தாலதானா?"

ஒதீல் அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. 'இல்லை' என்று அவன் சொல்லுவான் என்று காத்திருந்தாள். அவ்வளவுதான்.

"இருக்கலாம்" என்றான் தீதியே.

அதுதான் அந்த வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒதீல் உட்கார்ந்த பெஞ்சியில் வேறு யாரும் உட்காரவில்லை. வெளியே வரும்போது ஒரு கிழவி, "இனிமே நம்மளும் சத்தமில்லாமத்தான் சாகணும்" என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். தீதியே பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தான். அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

வீட்டில் அவள் சூப்பை ஊற்றி வைத்துவிட்டு, உட்காராமல் நின்றாள்.

"மேஸ்திரி, என்ன மன்னிச்சுடுங்க."

அவன் கரண்டியைக் கையில் பிடித்தபடி இருந்தான்.

"அந்த வியாபாரி சத்தியம் பண்ணிக் குடுத்தான், நான் நம்பிட்டேன். எம் பொண்ணுக்குன்னு ஆசப்பட்டு உங்க பேரக் கெடுத்துட்டேன். ஒரு மாச வேலை உங்களுக்கு வீணாப் போச்சு."

"விடுங்கம்மா" என்றான். வேறு என்ன சொல்வான்? சூப்பைக் குடித்தான். வழக்கம்போல ருசியாகத்தான் இருந்தது. ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல் குடித்தான். அதை நினைத்து நினைத்துப் பின்னாளில் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

மணியை உடைத்து மறுபடி வார்க்க வேண்டும். இரண்டாம் தடவை உருக்கும்போது கொஞ்சம் உலோகம் எரிந்து குறையும்; அதை ஈடுகட்டச் செம்பு வேண்டும். வார்த்தவன் தப்பானால் அவன் கொடுக்க வேண்டும், ஊர் கொடுத்த சாமானில் தப்பானால் ஊர் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. ஊரில் யாருக்கும் கொடுக்க மனமில்லை. திங்கட்கிழமை காலை எல்லாரும் குழியைச் சுற்றி நின்று இதைப் பற்றி முனகிக்கொண்டிருக்கும்போது ஒதீல் தெருக்கோடியில் வந்தாள். இரண்டு கையாலும் அண்டாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கால் தடுமாறி நடந்து வந்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்து, அடிக்கரி எல்லாம் போக்கி, பளபளவென்று கொண்டுவந்திருந்தாள். மாஞ்சனின் காலடியில் இறக்கி வைத்தாள்.

"இது கள்ளச் செம்பு இல்ல. மேஸ்திரியே தட்டிப் பாத்திருக்காரு."

ஒரு ஆள்கூட 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. மாஞ்சன் தீதியேவைப் பார்த்தான். தீதியே அச்சு மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தான், தலையைத் தூக்கவில்லை. மாஞ்சன் சம்மட்டியை எடுத்தான். முதல் அடிக்கு அண்டா கணீரென்று ஒலித்தது. ஊரே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தது. மூன்றாவது அடிக்குத் தகடாகிவிட்டது.

அன்று சாயங்காலம் மேஜை மேல் கறுப்பு ரொட்டியும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் இருந்தன. அடுப்புக்கு மேலே வெறும் சங்கிலி தொங்கியது.

"இனிமே கொஞ்ச நாளைக்கு இதான்" என்றாள் ஒதீல், கேலியாகச் சொல்ல முயன்றபடி. "அண்டாவத் தட்டாமச் சாப்பிடப் பழகிக்குங்க, மேஸ்திரி."

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். எழுந்தான். மாஞ்சனுக்குப் புரிந்துவிட்டது. வாசலைத் தாண்டி வந்து சட்டையைப் பிடித்தான்.

"மச்சான், வேணாம். இது உன் ஒருத்தன் விஷயமில்ல. நம்ம ஊர்ல நாப்பது வீடு இருக்கு. இது வெளிய தெரிஞ்சா எந்தக் கிராமத்துல நம்மள உள்ள விடுவான்? அக்கா மூஞ்சிய நெனச்சுப் பாரு. நான் யாருக்காகப் பொய் சொன்னேன்?"

"எனக்காகத்தான் சொன்ன. நான்தான் அத அங்கேயே நிறுத்தியிருக்கணும்."

"கிண்ணத்த அவ வீட்டு வாசல்ல போட்டுட்டுக் கெளம்பிடலாம், வா. கழுதையில நான் சாமான் ஏத்துறேன்."

உண்மையில் அந்த யோசனை தீதியேவுக்கும் பிடித்திருந்தது. ஒரு நிமிஷம் கழுதையைத் திரும்பிப் பார்க்கவும் செய்தான். பிறகு பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியதை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மேஜை மேல் ரொட்டிக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தான்.

ஒதீல் முதலில் அது என்னவென்று தெரியாமல் பார்த்தாள். பிறகு விரலால் அந்தப் பல் தடத்தைத் தடவினாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்: விறகு வாய், சாம்பல் குழி, ஈர அச்சு, நாலு நாள் பொறுக்காத வீம்பு. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. வெள்ளி நல்ல வெள்ளிதான் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். ரொட்டிக் கத்தியை எடுத்து எறிந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவள் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்" என்றாள். "நீங்க உக்காந்து சூப்பு குடிச்சீங்க."

மேஜையிலிருந்த ரொட்டியை எடுத்து மூடி வைத்தாள்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போவுது? எங்க நின்னு 'இருக்கலாம்'னு சொன்னீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க."

சொன்னான். மறுநாள் காலை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது, உடைந்த மணிக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்று சொன்னான். முதலில் யாரும் நம்பவில்லை; வேடிக்கை பண்ணுகிறான் என்று சிரித்தார்கள். அவன் பையை அவிழ்த்துக் கல்மேல் கொட்டினான். சிரிப்பு நின்றது. பத்திர எழுத்தர் மனைவி உருகிய கொக்கியை எடுத்துப் பார்த்துவிட்டு, "திருட்டுப் பயலே!" என்று கத்தினாள். ஒருத்தன் மண்ணை அள்ளி எறிந்தான். பங்குச்சாமி கையைத் தூக்கி அமர்த்த வேண்டியிருந்தது.

"எம்மோதிரம் எங்கடா?" என்று எலுவா பாய்ந்து வந்தார்.

மோதிரம் கல்மேல்தான் கிடந்தது. காலை வெயிலில் பித்தளை மின்னியது. கொட்டும்போது தீதியேவுக்கு அந்த மோதிரத்தின் நினைவே இல்லை. இருந்திருந்தால் கொட்டியிருக்க மாட்டான். ஊர் நடுவில் வெளுத்துப் போவது என்னவென்று அந்தக் காலையில் அவனைவிட யாருக்குத் தெரியும்? எலுவா அதைப் பார்த்தார், மற்றவர்களும் பார்த்தார்கள். அவர் அதை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார். தாத்தாதான் ஏமாந்தாரோ, இவர்தான் ஏமாற்றினாரோ, யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவர் குரல் உயரவே இல்லை.

கடைசியில் ஒதீல்தான் பேசினாள். "அடிச்சுத் தொரத்தினா மணி எப்படி வரும்? இந்த ஆளே வார்க்கட்டும். காசு வாங்காம வார்க்கட்டும். அச்சு காயுற வரைக்கும் பண்டிகையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மாஞ்சன் அன்றைக்கே கழுதையோடு கிளம்பிவிட்டான். தீதியே தனியாக மண் மிதித்தான், தனியாக அச்சுக் கட்டினான். வேலைக்கு வந்த ஊர்க்காரர்கள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை; சாமானைக் கொடுக்கும்போதுகூடக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார்கள். படுக்கை ஒதீலின் மாட்டுக் கொட்டகைக்கு மாறியது. தினமும் வாசற்படியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இருக்கும். ஆறு வாரம் அதையேதான் அவன் தின்றான். ஆறு வாரம் அதையேதான் அவளும் தின்றாள்.

ஆகஸ்டில் வார்த்தான். அச்சு எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. இந்தத் தடவை உலையின் உச்சியில் வெண்கலப் பக்கத்து வாயையே ஜனங்களுக்குக் காட்டினான். மூடியைத் தூக்கியதும் உள்ளே வெண்கலம் தளதளவென்று வெள்ளையாகக் கண்ணைப் பறித்தது. வெள்ளி போட ஒருத்தரும் வரவில்லை. ஒதீல் மட்டும் ஏணியில் ஏறினாள். கையில் அந்தக் கிண்ணம்.

"அம்மா, வெள்ளி போட்டா மணிக்கு ஒரு நல்லதும் இல்ல. கொரலுதான் லேசா மழுங்கும். நீங்களே வெச்சுக்குங்க."

"ஒரு தடவ குடுத்தத நான் திரும்ப வாங்கறதில்ல. மூடியத் தூக்குங்க."

தூக்கினான். கிண்ணம் வெண்கலத்தின் மேல் ஒரு கணம் மிதந்தது. பல் தடம் இருந்த பக்கம் கடைசியாக உள்ளே போனது. இந்தத் தடவை அவள் 'விழுந்துச்சா' என்று கேட்கவில்லை. கண்ணாலேயே பார்த்துக்கொண்டாள்.

மணியின் வயிற்றில் வழக்கமாக வார்த்தவன் பெயர் இருக்கும். தீதியே தன் பெயரை விட்டுவிட்டிருந்தான். மணியை மேலே ஏற்றுகிற அன்றைக்கு, அதை ஒலிக்கக் கேட்காமலேயே, விடிந்ததும் விடியாததுமாக ஊரைவிட்டுப் போனான். லொரேனில் மாஞ்சன் முன்னாடியே எல்லாம் சொல்லி வைத்திருந்தான். நாற்பது வீட்டுக்காரர்களும் அவனைக் கண்டால் பாதையின் அந்தப் பக்கம் போனார்கள். மனைவி சோறு போட்டாள், பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவன் குளிர்காலம் முழுக்க ஒரு பாத்திரக்காரரிடம் கூலிக்குச் செம்பு தட்டி, சம்பளத்துக்குப் பதிலாக ஒரு அண்டா வாங்கினான்.

பனி உருகியதும் அதை முதுகில் கட்டிக்கொண்டு, பதினோரு நாள் நடந்து மொந்தரோலுக்கு வந்தான். ஒதீல் தோட்டத்தில் இருப்பாள், வாசலில் வைத்துவிட்டு நழுவிவிடலாம் என்பது திட்டம். அண்டாவை இறக்கும்போது அது கதவில் இடித்துக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"யாரு?" என்று வந்தவள், அவனைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள். குனிந்து விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"பழசு மாதிரி இல்ல."

"இல்லம்மா."

"உள்ள வாங்க. பக்கத்து வீட்டுப் பானையில சூப்பு வெச்சிருக்கேன்."

"வேணாம்மா, நான் போறேன்."

"உக்காருங்க, மேஸ்திரி."

உட்கார்ந்தான். அவள் திட்டியிருந்தால் எழுந்து போவது சுலபமாக இருந்திருக்கும். மண் கிண்ணத்தில் சூப்பு ஆவி பறக்க வந்தது. அவன் கரண்டியை எடுக்கும்போது உச்சி நேர மணி அடித்தது. அவன் கேட்காமல் தப்பி ஓடின மணி. ஒதீல் கையிலிருந்த அகப்பையை அப்படியே நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி ஒலி வயல் பக்கம் போய் அடங்கியது.

"நல்லா இருக்கா, மேஸ்திரி? நெசத்தச் சொல்லுங்க."

முன்பு ஊர் நடுவில் கேட்ட மாதிரியேதான் இப்போதும் கேள்வி வந்தது. ஊர்க்காரர்களுக்குத் தெரியாது, ஆனால் வார்க்கிறவன் காதை ஏமாற்ற முடியாது.

"ஒலி நல்லாப் போகுது. ஆனா அடிச்ச உடனே, ஆரம்பத்துல, கொரல் கொஞ்சம் கரகரங்குதும்மா. சுத்தமா இல்ல. வெள்ளியாலயா, என் கையாலயா, தெரியல."

ஒதீல் தலையை ஆட்டினாள்.

"ஆமா. அவ அப்படித்தான் பாடுவா" என்றாள்.

தீதியேவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டான்.

"ஆறிடும், குடிங்க" என்றாள் அவள்.